கத்தோலிக்கரும் வாக்குரிமையும்



தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் தொழிலாலும் வசதியாலும் வேறுபட்டவர். ஆயினும் மக்களவைத் தேர்தலில் இம்மூன்று பகுதிகளும் மும்பை தென்மத்தியத் தொகுதி என்னும் ஒன்றனுள் அடங்கும். அங்கு வாக்களிக்கும் தமிழருள் கத்தோலிக்கரும் உளர். தேர்தல் வருந்தோறும் அவர்களிடையே ஒரு வினா எழுகின்றது: வாக்குரிமையைச் செலுத்துங்கால் நம் சமய நம்பிக்கைக்கு உரிய இடம் யாது?

இவ்வினா புதிதன்று. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசனைக் குழு, மத்திய சட்டசபையிலும் சென்னை, பம்பாய் மாகாணச் சட்டசபைகளிலும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு இடம் ஒதுக்குமாறு பரிந்துரைத்தது. 1949 மே மாதத்தில் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. சபையின் துணைத் தலைவராயிருந்த ஹரேந்திர குமார் முகர்ஜியும், சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டி சௌசா அடிகளும் அதற்கு இசைந்தனர். தனிக் கூட்டமாய் நின்று இடம் பெறுவதினும், அனைவரோடும் கலந்து நின்று நம்பிக்கை பெறுவதே மேல் என்பது அவ்விசைவின் கருத்து.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறுபட்டதன்று. 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் தன்னைப் பிணைத்துக்கொள்வதில்லை என்று தெளிவுறுத்தியது. பொதுநலன் கருதி வாக்களிப்பது குடிமகனின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றது. ஒவ்வொரு சிக்கலுக்கும் குருக்களிடம் ஆயத்தமான விடை இருக்குமெனப் பொதுநிலையினர் எண்ணலாகாது என்றும் அது எச்சரித்தது.

நாட்டுச் சட்டமும் தன் எல்லையை வகுத்துள்ளது. மதத்தின் பேரால் வேட்பாளர் வாக்குக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை. அதனால் தேர்தலே செல்லாததாகலாம். 1990-ல் மும்பை சாந்தாக்ரூஸ் சட்டமன்றத் தொகுதியில் நடந்த தேர்தல் குறித்த வழக்கில், 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் மதமேயன்றி, வாக்காளரின் மதத்தைச் சுட்டிக் கேட்பதும் குற்றமே என நால்வர் கூறினர். ஒரு சாராரின் குறைகளை எடுத்துரைப்பதும் இதனால் தடைப்படுமே என மற்ற மூவர் ஐயுற்றனர்.

அங்ஙனமாயின் சமயநம்பிக்கையை வாக்குச்சாவடியின் வாயிலிலேயே விட்டுச் செல்வதா? அதுவும் அன்று. தாராவியின் மறுசீரமைப்பையே எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடியில் வீடு கிடைத்தால் பிள்ளைகள் நலமாய் வாழ்வர் என்கிறார் ஒருவர். தோல் பட்டறை போனால் பிழைப்பு யாது என்கிறார் மற்றொருவர். ஒரே ஆலயத்தில் ஒரே ஞாயிறு பூசை கண்ட இவ்விருவரும் வெவ்வேறு கட்சிகளுக்கு வாக்களித்தல் கூடும். அதனால் எவருடைய விசுவாசமும் குறைந்துவிடாது. தம் நலத்தோடு எளியவரின் நலத்தையும் எண்ணினரா, பகைமை வளர்ப்பவருக்குத் துணைபோகாதிருந்தனரா, பணத்துக்கு வாக்கை விற்காதிருந்தனரா என்பனவே விசுவாசம் கேட்கும் கேள்விகள்.

ஆயினும், சமயத்துக்கும் தேர்தலுக்கும் உள்ள தொடர்பு இத்துடன் முடிந்துவிடவில்லை. தாராவிச் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினர்க்குரிய தனித்தொகுதி. அங்குள்ள தமிழர் பலரின் பூர்வீகமாகிய நெல்லைச் சீமையில், தென்காசி மக்களவைத் தொகுதியும் அத்தகையதே. 1950 ஆகஸ்டில் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை இந்துக்களையே பெரும்பாலும் அப்பட்டியலில் சேர்த்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. எனவே, ஒரே தெருவில், ஒரே குலத்தில் பிறந்த இருவருள் இந்துவும் பௌத்தரும் அத்தொகுதிகளில் வேட்பாளராகலாம். கத்தோலிக்கர் வாக்களிக்கலாமேயன்றிப் போட்டியிட இயலாது.

தீண்டாமை இந்து சமுதாய அமைப்பில் விளைந்ததாதலால் சலுகையும் அதற்குள் அடங்கும் என்பது ஒரு வாதம். ஞானஸ்நானம் பெற்றதனால் ஊரார் சாதியை மறந்துவிடவில்லை, கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை நின்றதே என்பது எதிர்வாதம். இதனை ஆராய 2022 அக்டோபரில், உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது.

இக்குறையுடையோர் தம்மிடம் வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியாரிடமும், "இவ்வாணை பற்றி உங்கள் நிலை யாது?" என்று கேட்கலாம். அது மதத்தின் பேரால் வாக்குக் கேட்பதாகாது. குடிமகன் தன் உரிமை பற்றிக் கேட்பதாகும். விடையைப் பெற்றபின், அதனை ஏனைய நன்மை தீமைகளோடு சேர்த்து எடைபோடுவது அவரவர் மனச்சாட்சியின் பொறுப்பு.

இவை யாவும் பயன்பட வேண்டுமாயின், முதலில் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருத்தல் வேண்டும். ஊரிலும் இங்குமாக இரண்டு இடங்களில் பதிந்துகொள்ளச் சட்டம் இடந்தராது. வாழும் இடத்தில் பதிந்துகொள்வோமாக.