எழுத்துக்கு உருவம் தரக் கற்ற ஆண்டுகள்

(வெள்ளி விழாவில் மாணவர் சார்பில் ஆற்றிய உரை)



கழகத்தின் உதவியைப் பெற்று வரைகலை வடிவமைப்புப் பட்டப் படிப்பில் இறுதியாண்டை எட்டியிருக்கும் மாணவர்களாகிய நாங்கள், எங்கள் பாடங்களில் கண்ட வளர்ச்சியை இவ்வவையில் எடுத்துரைக்கப் பணிக்கப்பட்டுள்ளோம். மருத்துவம் எத்தகையது, பொறியியல் எத்தகையது, ஆசிரியப் பணி எத்தகையது என்பதை நம் பெற்றோர் அறிவர். வரைகலை என்றாலோ, “படம் வரைந்து பிழைக்க முடியுமா?” என்னும் வினாவே முன்னே வந்து நிற்கிறது. வறுமையை அறிந்தவர்கள் கேட்கும் அவ்வினா நியாயமானது. அதற்குரிய விடையை எங்கள் படிப்பின் வழியிலேயே கூற விழைகிறோம்.

முதலாண்டில் எங்கள் கைக்குக் கிடைத்தவை பென்சில், மை, கத்தரிக்கோல், தாள் ஆகியவையே. கோடு, வடிவம், நிறம், வெற்றிடம் ஆகிய நான்கையும் தனித்தனியே பயின்றோம். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தோன்றி 1933இல் மூடப்பட்ட பௌகவுஸ் என்னும் பள்ளி, மாணவர் அனைவர்க்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி ஒன்றை வகுத்தது. அதன் தாக்கம் இன்றும் உலகெங்கும் வடிவமைப்புக் கல்வியில் உள்ளது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புச் சதுரத்தை எங்கு வைத்தால் அது நிற்கிறது, எங்கு வைத்தால் விழுகிறது என்று நாட்கணக்கில் நோக்கினோம். கை பழகுவதற்கு முன்னே கண் பழகிற்று.

அவ்வாண்டில் ஒரு சிறு செம்பைப் பற்றியும் படித்தோம். 1958இல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் ஓர் அறிக்கை அளித்தனர். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அது வழி வகுத்தது. நம் இல்லங்களில் புழங்கும் செம்பை அவ்வறிக்கை வியந்து போற்றுகிறது. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, ஊற்றும்போது எப்படி என வினாக்களை அடுக்குகிறது. வகுப்பில் அதனுடன் நாங்கள் மற்றொரு வினாவையும் சேர்த்தோம். அச்செம்பை எந்தக் குளத்தில் முகக்க யாருக்கு உரிமை இருந்தது? 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியதை அறிந்தவர்கள் அவ்வினாவை விட்டுவிட இயலாது. ஒரு பொருள் அழகியதா என்பதோடு, அது யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் கேட்பதே வடிவமைப்பு என்பது அன்று முதல் எங்கள் கொள்கையாயிற்று.

இரண்டாம் ஆண்டு எழுத்தின் ஆண்டு. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். அவற்றுள் சில மேலே விசிறி விரிகின்றன. சில கீழே சுழித்து இறங்குகின்றன. ஆகவே ஆங்கிலத்திற்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பிரிவு உண்டு. நம் மொழிக்கு அஃது இல்லை. எது தலைப்பு, எது செய்தி என்பதை அளவாலும் தடிப்பாலும் வெற்றிடத்தாலும் மட்டுமே காட்டியாக வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியோ மிகச் சிறியது. நகலெடுத்த தாளையே மீண்டும் நகலெடுத்தால் அப்புள்ளி மறைந்து, மெய் உயிர்மெய்யாகி, சொல் வேறாகிவிடும்.

மூன்றாம் ஆண்டில் அச்சகத்தின் நுட்பங்களைக் கற்றோம். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகளே நாம் காணும் வண்ணப் படங்கள் என்பதையும், தாளின் ஓரத்தை வெட்டும் கத்திக்கென வழக்கமாக 3 மில்லிமீட்டர் மிகையாக விட வேண்டும் என்பதையும், மெய்ப்புப் பார்க்கும் பொறுமையையும் கற்றோம். அச்சக வாயிலில் நின்றபோது நம் முன்னோரை நினைத்துக் கொண்டோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொணர்ந்தார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழை வெளியிட்டார். பிறர் நம்மைப் பற்றி எழுதிய காலத்தில், நம்மை நாமே எழுதி அச்சிட முனைந்தவர்கள் அவர்கள். அச்செழுத்தின் ஆற்றலை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அவ்வாற்றலில் நமக்குள்ள பங்கைக் காப்பது எம்போன்ற மாணவரின் கடமையாகும்.

இறுதியாண்டில் ஒவ்வொரு குழுவும் ஒரு பெரும்பணியை மேற்கொள்ள வேண்டும். திரைப்பட விளம்பரம், நறுமணப் பொருளின் உறை எனப் பலரும் பலவற்றைத் தேர்ந்தனர். நாங்கள் கல்வி உதவித்தொகைக்குரிய விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தேர்ந்தோம். “இதில் அழகு செய்ய என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்டனர்.

அப்படிவத்தை நம் பகுதிப் பெற்றோர் சிலரிடம் கொடுத்து, அவர்கள் நிரப்புவதை அருகிருந்து நோக்கினோம். பெயர் எழுதக் கொடுத்த கட்டம் நீண்ட தமிழ்ப் பெயருக்குப் போதவில்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும் என்னும் செய்தி கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதைக் காணாமல் ஒரு சான்றிதழை விட்டுவிட்டால், தகுதியுள்ள பிள்ளையின் விண்ணப்பம் திரும்பி வரும். ஒரு பருவம் வீணாகும். சில வேளைகளில் படிப்பே நின்றுவிடும். அறிவுக் குறைவால் அன்று, எழுத்தின் அளவுக் குறைவால் ஒரு பிள்ளை வெளியே நிறுத்தப்படுகிறது!

ஆகவே இணைப்புகளின் பட்டியலை முதற்பக்கத்தின் தலைப்பிலேயே வைத்தோம். எழுத்தை 12 புள்ளிக்குக் குறையாது அமைத்தோம். ஒரு வினாவுக்கும் அடுத்த வினாவுக்கும் இடையே மூச்சு விட இடம் தந்தோம். கட்டங்களை நீட்டினோம். புதிய படிவத்தை அதே பெற்றோரிடம் தந்தபோது, ஒரு தாய் எவரையும் கேளாமல் தாமே நிரப்பிக் கையொப்பமிட்டார். எங்கள் வளர்ச்சிக்கு அதனினும் சிறந்த மதிப்பெண் வேறில்லை எனக் கருதுகிறோம்.

இனி, பிழைக்க முடியுமா என்னும் வினாவுக்கு வருவோம். பாடநூல், நாளிதழ், மருந்து உறை, பேருந்து வழிப்பலகை, கைப்பேசித் திரை என எழுத்து உள்ள இடமெல்லாம் இத்தொழிலுக்கு வேலை உண்டு. விலையுயர்ந்த மென்பொருள் இல்லையே என்று அஞ்ச வேண்டா. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. நோட்டோ, காட்டமரான், முக்தா மலர், மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்களும் அவ்வாறே கிடைக்கின்றன. ஆயினும் கண்ணைப் பழக்கும் உழைப்பை எந்தக் கருவியும் நமக்காகச் செய்துவிடாது.

கழகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. நம் விடுதிச் சேர்க்கைப் படிவத்தையும் அறிவிப்புப் பலகையையும் எங்களிடம் ஒப்படையுங்கள். முதல் தலைமுறையாக எழுத்தறிந்த ஒரு தாய் துணையின்றிப் படிக்கத் தக்கவாறு அவற்றை அமைத்துத் தருவோம். இளைய உடன்பிறப்புகளே, வரையும் ஆர்வம் உங்களுக்கு உண்டெனில் அதை மறைக்காதீர்கள், எங்களிடம் வாருங்கள். கற்பி என்றார் அண்ணல். கற்றதை எல்லோரும் படிக்கத்தக்க எழுத்தில் வைப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே.