விதி மாறினாலும் விற்பனை நிற்கக் கூடாது

(அஸ்தினாபுரத்தில் கூடிய உழவர்கள், நுகர்வோர் முன்னிலையில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த அஸ்தினாபுரம் ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்கள் சூழ்ந்த பகுதி. சிட்லப்பாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் இன்றும் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றின் நீர் பாய்ந்த வயல்கள் வீடுகளாகிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்பகுதி அடங்கியுள்ளது. விளைவித்தவர்கள் இருந்த இடத்தில் இப்போது வாங்கி உண்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இது ஒரு நல்ல சந்தை.

இச்சந்தையை உங்களில் பலர் கைபேசி வழியாகப் பிடித்திருக்கிறீர்கள். மாலையில் கீரைப் பாத்தியின் படத்தை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது, இரவுக்குள் தேவைப் பட்டியலை வாங்கிக்கொள்வது, விடியலில் பறித்துக் கொண்டுவந்து கொடுப்பது என்று தொழில் நடக்கிறது. சிலர் யூடியூபில் வயலைக் காட்டி அரிசியும் செக்கு எண்ணெயும் விற்கிறார்கள். தரகு இல்லை, கடை வாடகை இல்லை. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எனினும் இதிலுள்ள ஓர் அபாயத்தை எடுத்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பத்திரம் இல்லாத நிலம்

இலவசத் தளத்தில் கடை விரிப்பது பிறர் நிலத்தில் பயிர் செய்வதைப் போன்றது. குத்தகை உழவருக்காவது 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு உண்டு. இங்கே அதுபோன்ற பிடிப்பு எதுவும் இல்லை. தளத்துக்கு உரிய நிறுவனம் தன் விதியை மாற்றலாம். அரசு அத்தளத்தையே தடை செய்யலாம். இலாபம் இல்லையென்று நிறுவனமே கதவை மூடிவிடலாம். மூன்றும் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.

மற்ற வணிகரைவிட உழவருக்கு இதில் ஆபத்து அதிகம். துணி விற்பவர் பத்து நாள் பொறுத்திருந்து விற்கலாம். முளைக்கீரை விதைத்த மூன்று, நான்கு வாரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். பறித்த அன்றே விற்றாக வேண்டும். அன்று கணக்கு முடங்கினால் அன்றைய கூலியும் வண்டிச் செலவும் போனதுதான்.

இதுவரை நாம் கண்ட மாற்றங்கள்

முதலாவது, தடை. 2020-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் பல்லாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்த சிறு வணிகர்களும் கிராமத்துக் கலைஞர்களும் ஓரிரு நாளில் அவ்வளவு பேரையும் இழந்தார்கள். பார்த்தவர்களின் பெயரோ எண்ணோ அவர்களிடம் இல்லை.

இரண்டாவது, கட்டுப்பாடு. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று வரம்பு கொண்டுவந்தது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில், பலர் கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை இறுக்கியது. மொத்தமாகச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்போர் மீது 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 7 முதல் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அறிவித்தது. இந்தியாவில் முடக்கப்படும் கணக்குகளின் எண்ணிக்கை அந்நிறுவனத்தின் மாத அறிக்கைகளில் பல இலட்சமாக இருந்து வந்திருக்கிறது.

மூன்றாவது, வருமான விதி. யூடியூபில் விளம்பர வருமானம் பெற மொத்தம் 10,000 பார்வைகள் போதும் என்று 2017-இல் இருந்தது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 முதல் அது மாறி, 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றாயிற்று. சிறு அலைவரிசைகள் பலவற்றின் வருமானம் நின்றது. ஆனால் காணொளி போடுவதை எவரும் தடுக்கவில்லை. அலைவரிசையைத் தன் அரிசிக்கு அறிமுகமாக மட்டும் வைத்திருந்தவருக்கு இந்த விதியால் நட்டமில்லை. விளம்பரப் பணத்தையே நம்பியிருந்தவருக்குத்தான் நட்டம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள்.

முகநூலும் 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து உறவினர், நண்பர் பதிவுகளை முன்னே காட்டப்போவதாக அறிவித்தது. ஆர்குட் 2014-ஆம் ஆண்டிலும், பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019-ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன.

எல்லா மாற்றமும் பாதகமானதன்று. 256 பேர் என்றிருந்த வாட்ஸ்ஆப் குழு வரம்பு 2022-ஆம் ஆண்டில் முதலில் 512 ஆகவும் பின்னர் 1,024 ஆகவும் உயர்ந்தது. ஆனால் நன்மையோ தீமையோ, நம்மைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை.

விதிகள் ஏன் மாறுகின்றன?

காரணம் தெரிந்தால் அடுத்த மாற்றம் எங்கிருந்து வரும் என்பதை ஓரளவு கணிக்கலாம்.

பொதுமக்களுக்கு நேரும் தீங்கு ஒரு காரணம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் சென்னையிலிருந்து சென்ற ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் வேறு பல இடங்களிலும் அவ்வாண்டில் இத்தகைய கொடுமைகள் நடந்த பின்னரே முன்னனுப்பும் வரம்பு வந்தது. வதந்தி உழவரையும் விடுவதில்லை. 2025-ஆம் ஆண்டு கோடையில் தர்ப்பூசணியில் நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு காணொளிகளாகப் பரவி, அறுவடை நேரத்தில் விலை சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இவ்வரம்பு நமக்கு இடைஞ்சல் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

இரண்டாவது காரணம், தளத்தைப் பாழாக்கும் வணிகர்கள். அமெரிக்காவில் ஸ்குவிடூ, ஹப்பேஜஸ் போன்ற இலவச எழுத்துத் தளங்கள் இருந்தன. அங்கு நல்ல கட்டுரைகளோடு, பொருள் விற்பதற்கென்றே சாரமற்ற கட்டுரைகளையும் ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். இப்படிக் குவிக்கும் தளங்களுக்கு ‘உள்ளடக்கப் பண்ணை’ என்று கேலிப் பெயரே வந்தது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றி இத்தகையவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. தளங்களும் தம் விதிகளை இறுக்கின. ஸ்குவிடூ 2014-ஆம் ஆண்டில் ஹப்பேஜஸோடு இணைந்து மறைந்தது. ஒழுங்காக எழுதியவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள். யூடியூபும் 2025-ஆம் ஆண்டு ஜூலை 15 முதல், மொத்தமாகத் தயாரித்த, ஒன்றுபோலிருக்கும் காணொளிகளுக்கு வருமானம் இல்லை என்பதைத் திட்டவட்டமாக்கியது.

மூன்றாவது, நிறுவனத்தின் வருமானம். முதலில் இலவசமாகத் தருவதும், கூட்டம் சேர்ந்தபின் கட்டணம் கேட்பதும் வணிக இயல்பு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லில் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1973-ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் வெளியான ஐ.ஆர்.26 இரகம் புகையானை எதிர்த்து நின்றது. அங்கும் இந்தோனேசியாவிலும் உழவர்கள் அதைப் பெருமளவில் பயிரிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள்ளாகவே புதுவகைப் புகையான் தோன்றி அதே இரகத்தைத் தாக்கியது. இரகம் நல்லதுதான், அதை மட்டுமே நம்பியதில்தான் ஆபத்து இருந்தது. தளமும் அப்படியே.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. வாடிக்கையாளர் பேரேடு. இவ்வுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாங்குபவரின் பெயர், தொலைபேசி எண், தெரு, வாங்கும் பொருள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஐந்து பத்திகள் போட்டு எழுதுங்கள். குழு முடங்கினாலும், கைபேசி தொலைந்தாலும் இந்த நோட்டு இருக்கும். எண்ணைக் குறிக்குமுன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

2. உங்கள் எண்ணைப் பதியச் செய்தல். வாட்ஸ்ஆப் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். முதல்முறை பொருள் கொடுக்கும்போதே, “எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் அம்மா” என்று கேளுங்கள். பையில் எண் எழுதிய சீட்டு ஒன்றும் வையுங்கள். கேட்காதவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அவர்கள் புகார் செய்தால் கணக்கு முடங்கக் கூடும்.

3. விற்பனை வழிகளைப் பிரித்தல். எந்த ஒரு வழியிலும் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறையில் அடையாள அட்டை பெற்ற உழவருக்குக் கடை வாடகையோ தரகோ கிடையாது. அதை ஒரு வழியாகவும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை ஒரு வழியாகவும், கிழமை தவறாமல் ஒரே தெருமுனையில் வண்டி நிறுத்துவதை ஒரு வழியாகவும் வைத்துக்கொள்ளலாம்.

4. மூலப் படங்களைச் சேமித்தல். யூடியூபில் ஏற்றிய காணொளியின் மூலத்தை அழித்துவிடாதீர்கள். சிறு நினைவட்டை ஒன்றில் ஆண்டுவாரியாகச் சேமித்தால் ஒரு தளம் போனாலும் அடுத்த தளத்தில் ஏற்றலாம்.

5. மிகைப்படுத்தாத விளம்பரம். கருங்குறுவையும் மாப்பிள்ளைச் சம்பாவும் நம் பெருமைக்குரிய இரகங்கள். ஆனால் “இதை உண்டால் சர்க்கரை நோய் குணமாகும்” என்று எழுதினால் தளம் பதிவை நீக்கலாம். அதற்கும் மேலாக, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. இரகம், விளைந்த ஊர், அறுவடை நாள், விலை ஆகிய நான்கையும் சரியாக எழுதினால் போதும்.

6. விலக்கப்பட்ட பொருள்களை அறிதல். முகநூல் சந்தையும் வாட்ஸ்ஆப் வணிகக் கொள்கையும் உயிருள்ள விலங்குகளை விற்கக் கூடாத பொருள்களில் சேர்த்திருக்கின்றன. ஆடு, நாட்டுக்கோழி வளர்ப்போர் பதிவிடுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்கறி விற்கும் கணக்கிலேயே ஆட்டுக்குட்டிப் படத்தையும் போட்டு இரண்டையும் இழக்க வேண்டாம்.

7. மாதம் ஒருமுறை விதி பார்த்தல். தளம் அனுப்பும் அறிவிப்பைப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்துவது நம் வழக்கமாகிவிட்டது. ஊரில் படித்த பிள்ளை ஒருவரிடம் இப்பொறுப்பைக் கொடுங்கள். இருபடிச் சரிபார்ப்பு என்னும் பாதுகாப்பையும் அவரைக் கொண்டே செய்துகொள்ளுங்கள்.

கணக்கு முடங்கிய நாளில்

பதற்றத்தில் புதுப்புதுக் கணக்கு தொடங்காதீர்கள். காரணமாகக் காட்டப்பட்டிருப்பதைப் படியுங்கள். மறுபரிசீலனை கோரும் வசதி அச்செயலியிலேயே இருந்தால், நடந்ததைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். “பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்” என்று அழைப்பவரை நம்பாதீர்கள். ஒருமுறைக் கடவு எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

அன்றைய விளைபொருள் என்னாவது? இங்குதான் பேரேடு பயன்படும். உங்களுக்கு 120 வீட்டு வாடிக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு 30 எண்களாகப் பிரித்துக்கொண்டு மாலையில் அழைத்தால் இரவுக்குள் பட்டியல் தயாராகிவிடும். மிஞ்சுவதை மறுநாள் உழவர் சந்தைக்கு அனுப்பலாம். பேரேடு இல்லாதவர் அந்த 120 வீட்டையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.

நுகர்வோருக்கு ஒரு வேண்டுகோள்

இங்கு வந்திருக்கும் இல்லத்தரசியரும் குடியிருப்புச் சங்கத்தாரும் ஓர் உதவி செய்யலாம். வழக்கமாக வாங்கும் உழவரின் எண்ணைப் பதிந்து வையுங்கள். அவர் செய்தி இரண்டு நாள் வராவிட்டால் நீங்களே ஓர் அழைப்பு கொடுத்துக் கேளுங்கள். குழுவில் விற்பனைச் செய்திக்கு நேரமும் நாளும் வகுத்துக் கொடுங்கள். அப்போது தொல்லை என்ற புகாரும் எழாது.

முடிவுரை

உழவர் பெருமக்களே, மழையை நாம் கட்டுப்படுத்த முடியாது. ஆயினும் வானிலை பார்த்து விதைக்கிறோம், வரப்பை உயர்த்துகிறோம், விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறோம். தளத்தின் விதிக்கும் இதே முறைதான். இலவசத் தளத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் விதைநெல் அத்தளமன்று. உங்களை நம்பி வாங்கும் குடும்பங்களின் பட்டியலே விதைநெல். அதை உங்கள் வீட்டில், உங்கள் கையெழுத்தில் வைத்திருங்கள். முப்பது எண்களில் தொடங்கினாலும் சரி, இந்த வாரமே தொடங்குங்கள்.