உப்பங்கழியில் ஒரு படிப்பு

சூழலியல் கற்க நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்று எண்ணும் இளைஞர் பலர் எங்கள் மஞ்சக்குப்பத்திலும் உளர். தெற்கே பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே, பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா தோற்றுவித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. 2022ஆம் ஆண்டில் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் இக்காட்டினதே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆராய்ச்சி மாணவர் முதலில் கற்கும் பாடம் அதுவாகவும் இருக்கலாம்!

இக்காட்டின் நடுவே மரமற்ற வெற்றிடங்கள் பரவின. மாடு மேய்ப்போரும் விறகு வெட்டுவோருமே காரணம் என்று கரையோர மக்கள்மீது பழி சுமத்தப்பட்டது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றில் இறங்கி ஆராய்ந்தபோது வேறொன்று புலனாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய முறைப்படி, காடு பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டு வந்தது. நிழல் போனதும் ஈரமண் வெயிலில் காய்ந்து, தாம்பாளம்போல் தாழ்ந்தது. ஓதத்தோடு உட்புகுந்த நீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்றியது; உப்பு மிகுந்தது; விழுந்த விதை பிழைக்கவில்லை. குற்றவாளி ஆடுமாடு அன்று, அரசாங்கத்தின் கோடரியே! பின்னர் வனத்துறையும் ஊராரும் கூடி வாய்க்கால் வெட்டினர். ஓதநீர் தடையின்றி வந்து சென்றது. நட்ட கன்றுகள் தழைத்தன. ஏழைகளின்மேல் இருந்த பழியைத் துடைத்தது, மண்ணின் உப்பை அளந்த அந்தப் பொறுமையான வேலைதான்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அப்பல்கலைக்கழகத்துக் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என 2005இல் எழுதினர். மறு ஆண்டே வேறு அறிஞர்கள் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும் காரணங்கள் என மறுத்தனர். இத்தகைய வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். உயிரியல் எடுத்ததால் கணக்கிலிருந்து தப்பினோம் என்று மகிழும் மாணவர்களைப் பல்லாண்டு கண்டவன் நான். அவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

தாவரவியலோ விலங்கியலோ படித்துப் பட்டம் பெறுங்கள்; கூடவே புள்ளியியலையும் பயிலுங்கள். ஓதம் ஏறி இறங்கும் வேளையைக் கிள்ளை மீனவரிடம் கேட்டறியுங்கள். நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும்.