வாழைத் தோலில் எரியும் அடுப்பு



உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், சந்தைக் குப்பையைக் கிளறினால் கைநிறைய வருவது வாழைக்காய்த் தோல். வாழைக்காயை அவித்து மசித்த மத்தோக்கேதான் அங்கே பலருக்கு அன்றாடச் சாப்பாடு. அதை அவிப்பது 'சிகிரி' என்கிற கரி அடுப்பில். அந்தக் கரிக்காக வடக்கே மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. 2023 மே மாதம் ஜனாதிபதி முசெவெனி, வட உகாண்டாவில் வணிகத்துக்குக் கரி சுடத் தடை போட்டார். தடை போட்டாலும் வீட்டில் உலை வைத்தாக வேண்டுமே!

அந்தத் தோலையே எரிக்கலாம். காய்ந்த தோல், சோளத்தட்டை, காப்பி உமி எல்லாவற்றையும் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் போட்டு, காற்று அதிகம் புகாமல் மூடிச் சுட்டால், சாம்பலாகாமல் கரியாக நிற்கும். அதைப் பொடித்து, மரவள்ளி மாவுக் கஞ்சி விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெயிலில் உலர்த்தினால் கரிக்கட்டி தயார். கஞ்சி கூடினால் புகையும், குறைந்தால் உதிரும். கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தொழிலாக்கிய சங்கா மோசஸ் கம்பாலாவில் வங்கி வேலையில் இருந்தவர். ஊருக்குப் போனபோது, தங்கை பள்ளிக்கூடம் போகாமல் விறகு சுமந்து வருவதைப் பார்த்தார். வேலையை விட்டார். 2010இல் 'ஈக்கோ-ஃபியூவல் ஆப்பிரிக்கா' நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. உழவர்கள் தங்கள் நிலத்துக் கழிவை அங்கேயே சுட்டுக் கரியாக விற்பார்கள்; கட்டியாக்கி அக்கம்பக்கத்தில் விற்பது பெண்கள். ஒரே கரிக்கட்டியில் பல வீடுகளுக்கு வருமானம்.

இந்தத் தொழிலில் இளைஞர்களுக்குப் பயிற்சி என்றால், கரிக்கட்டி அழுத்தும் இயந்திரத்தைக் காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. உழைப்பு இருப்பது வேறு இடங்களில். சந்தையிலேயே தோலைப் பிளாஸ்டிக்கோடு சேராமல் பிரித்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக் கலந்து சுட்டால் நச்சுப்புகை. கம்பாலாவில் மார்ச் முதல் மே வரை ஒரு மழைக்காலம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. உலர்த்தக் கூரைப்பந்தல் இல்லாவிட்டால் அந்த மாதங்களில் சரக்கு நின்றுபோகும். நெடுநேரம் அடுப்பெரியும் சாப்பாட்டுக் கடை, பள்ளிச் சமையற்கட்டு இவற்றை நிரந்தர வாடிக்கையாகப் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிதான் வேலை தரும்.

கரிக்கட்டி விற்பவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. புகை குறைவு என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கக் கூடாது. எந்தக் கரியிலும் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும். அது உயிரைக் குடிக்கும். அடுப்பைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று, ஒவ்வொரு மூட்டையோடும் வாங்குபவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும்.