மேடு வரை ஓடலாம் வாங்க



உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் கடைசியாக ஓடியது எப்போது?

சிரிக்கிறீர்கள். ஒரு அக்கா சொல்கிறார், "பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்" என்று. அந்தப் பக்கம் ஒரு பெரியவர், "மாடு அறுத்துக்கொண்டு போனபோது ஓடினேன்" என்கிறார். நல்லது. நான் கேட்பது அந்த ஓட்டம் இல்லை. சந்தோஷத்துக்காக எப்போது ஓடினீர்கள்?

யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் நாம் நடந்ததே இல்லை. கடைக்குப் போனாலும் ஓட்டம். தண்ணீருக்குப் போனாலும் ஓட்டம். பிறகு ஒரு நாள் நின்றுவிட்டோம். பெண்களுக்கு அந்த நாள் நன்றாகவே நினைவிருக்கும். "வயசுக்கு வந்த பிள்ளை, இப்படி ஓடலாமா?" என்று வீட்டில் ஒருவர் சொல்லியிருப்பார். அன்றோடு சரி. ஆண்கள் வேலைக்குப் போனதும் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நம் வீட்டில் ஓடுவது பிள்ளைகளும் கோழிகளும்தான்.

நான் தையல் வேலை செய்பவள். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பேன். விளையாட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் தெருவில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. நானும் ஓடுகிறேன், என் மாமியாரும் ஓடுகிறார். அவ்வளவுதான் தகுதி.

எங்கள் பந்தயம் ஜனவரி 26 அன்று நடக்கும். பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. ஒரு விசில், ஒரு சுண்ணாம்புக் கோடு, இரண்டு குடம் தண்ணீர். பரிசு எவர்சில்வர் டம்ளர். காசு கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் சின்னத் தட்டு.

காலையிலேயே ஆரம்பித்துவிடுவோம். ஜனவரியில் நமக்கு ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். மே மாதம் என்றால் ஐந்து மணிக்கே சூரியன் தெரியும். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கண்டு வியந்து போவார்கள். காரணம் எளிது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்று. ஆனால் நாம் இருப்பது சென்னைக்கு வெகு கிழக்கே, கடலுக்கு நடுவில். அதனால் சூரியன் சென்னைக்கு வருவதற்கு ஏறக்குறைய 50 நிமிடம் முன்பே நம்மிடம் வந்துவிடுகிறது. மாலையில் முன்பே போயும்விடுகிறது. நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. ஆகவே இந்தத் தீவில் ஓட நினைப்பவர்களுக்குக் காலைதான் நேரம். மாதமும் பார்க்க வேண்டும். மே முதல் டிசம்பர் வரை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது.

முதலில் சிறு பிள்ளைகள் ஓடுவார்கள். பாதி வழியில் ஒன்று நின்று அம்மாவைத் தேடும். இன்னொன்று திரும்பி ஓடி வரும். அடுத்து சாக்கு ஓட்டம். அதற்குப் பிறகு இரண்டு பேர் காலைக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்று கால் ஓட்டம். இதில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓட வேண்டும் என்பது எங்கள் சட்டம். விழுந்து எழுந்து, "உன்னால்தான்", "உங்களால்தான்" என்று சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். அன்று முழுவதும் தெருவில் அதே பேச்சுதான்.

எங்கள் தெருவில் தமிழர் மட்டும் இல்லை. பெங்காலி தீதி இருக்கிறார். தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. மலையாளிகள் உண்டு. ராஞ்சிக்காரர்கள் உண்டு. வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு மொழி. கோட்டில் வந்து நின்றதும், "ஏக், தோ, தீன்!" அப்புறம் எல்லோருக்கும் ஒரே மூச்சிரைப்பு.

முதல் ஆண்டு என் மாமியார் கோட்டருகில்கூட வரவில்லை. "இந்த வயசில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால் பார்ப்பவன் என்ன சொல்வான்?" என்றார். அவரிடம் நான் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மகாராஷ்டிர மாநிலத்தில் பாராமதி என்று ஓர் ஊர். அங்கே லதா பகவான் கரே என்ற அம்மா இருக்கிறார். கூலி வேலை செய்த ஏழைக் குடும்பம். கணவருக்கு உடல்நலம் கெட்டது. பரிசோதனைக்குப் பணம் இல்லை. ஊரில் ஓட்டப் பந்தயம், பரிசுப் பணம் உண்டு என்று கேள்விப்பட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 2014இல் அந்தப் பந்தயத்தில் மூத்தவர்கள் பிரிவில் போய் நின்றார். கட்டியிருந்தது மராட்டியப் பெண்கள் கட்டும் ஒன்பது கஜம் சேலை. காலில் செருப்பு இல்லை. ஓடினார், முதலாவதாக வந்தார். அவருடைய கதையைப் பின்னால் சினிமாவாகவும் எடுத்தார்கள். அதில் அவரே நடித்தார்.

இதைக் கேட்ட என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கோட்டில் வந்து நின்றார்.

பெண்கள் ஓடக் கூடாது என்று சொன்னது நம் ஊர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் புகழ்பெற்ற மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல். அதில் பெண்கள் முறைப்படி ஓடலாம் என்று அனுமதித்தது 1972இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்.

நமக்கு 42 கிலோமீட்டர் வேண்டாம். எங்கள் தெரு ஓட்டம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

நம் ஊரில் மேடு இல்லாத தெரு ஏது? 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அபர்தீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து செல்லுலார் சிறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். எங்கள் தெருவும் அப்படித்தான். கீழே கடல் ஓரம். மேலே பள்ளிக்கூடம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது 12 வயது. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. நிற்க முடியவில்லை. பாத்திரம் எல்லாம் விழுந்தது. ஆட்டம் நின்றதும் எல்லோரும் வெளியே வந்தோம். வந்து என்ன செய்தோம்? பேசிக்கொண்டு நின்றோம். யார் வீட்டில் சுவர் விரிந்தது, யார் வீட்டில் ஓடு விழுந்தது என்று பேசினோம். கடலை யாரும் நினைக்கவில்லை. சுனாமி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது.

பிறகு கீழ்த் தெருவில் கூச்சல். தண்ணீர் வருகிறது என்றார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டார். நான் அப்பத்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பத்தாவால் ஓட முடியவில்லை. கால் வரவில்லை. "நீங்க போங்கடி, நான் மெதுவா வாரேன்" என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பிடித்து இழுத்தார். நான் அப்பத்தாவை விட்டுவிட்டு ஓடினேன்.

ஆமாம், விட்டுவிட்டு ஓடினேன். அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த ராஞ்சிக்கார அண்ணன்தான் அப்பத்தாவை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மேலே வந்து சேர்ந்தபோது இடுப்பு வரை நனைந்திருந்தார். அப்பத்தா அதற்குப் பிறகு ஏழு ஆண்டு உயிரோடு இருந்தார்.

எங்களுக்கு வந்தது சிறு தண்ணீர். நிக்கோபாரில் வந்தது வேறு. கார் நிக்கோபார் தட்டையான தீவு. ஓடி ஏற மேடு கிடையாது. கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் நம் தமிழர்களும் இருந்தார்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். அந்தத் தீவும் பெரிய அடி வாங்கியது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

இதை ஏன் பந்தயத்தோடு சேர்த்துப் பேசுகிறேன்? ஜப்பான் நாட்டில் கமாய்ஷி என்று ஒரு கடலோர ஊர். 2011 மார்ச் 11 அன்று அங்கே சுனாமி வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்பே பயிற்சி கொடுத்திருந்தார்கள். பூமி ஆடியதும் அவர்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் போய் நின்ற இடம் போதாது என்று கண்டு, இன்னும் மேலே ஓடினார்கள். அந்த ஊரில் ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஊரில் பெரியவர்கள் பலர் இறந்துபோனார்கள்.

2014இல் அந்த ஊர்க்காரர்கள் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். கீழ்த் தெருவிலிருந்து மேட்டில் உள்ள புத்தர் கோயில் வரை ஓட வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர்தான். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் பிரிவும் உண்டு. ஒனாகவா என்ற இன்னோர் ஊரிலும் இப்படி ஓர் ஓட்டம் உண்டு. அங்கே பந்தயம் தொடங்கும்போது, "தப்பி ஓடுங்கள்!" என்று கத்துவார்கள். வேடிக்கைதான். ஆனால் கால் அந்த வழியை மறக்காது.

எங்கள் தெரு ஓட்டம் முன்பு கடலோரச் சமவெளியில்தான் நடந்தது. இதைப் படித்துச் சொன்ன ஆசிரியர் ஒருவர், "கோட்டை மேலே பள்ளிக்கூட வாசலில் போடலாமே" என்றார். போட்டோம். கடைசி ஓட்டம் அதுதான். எல்லா வயதினரும், எல்லா வீட்டாரும் சேர்ந்து மேட்டுக்கு ஓடுவது.

முதல் முறை ஓடியபோதுதான் பல விஷயம் தெரிந்தது. குறுக்குப் பாதை இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். போய்ப் பார்த்தால் புதர் மண்டிக் கிடந்தது. படியில் இரண்டு கல் பெயர்ந்திருந்தது. நாங்களே வெட்டிச் சரிசெய்தோம். முதலில் வந்த பையனுக்கு மூன்று நிமிடம் ஆனது. கைக்குழந்தையோடு வந்த பெண்ணுக்கு ஒன்பது நிமிடம். ஒரு தாத்தாவுக்குப் பதினாறு நிமிடம். மூன்று வீட்டில் ஆள் வரவே முடியவில்லை. படுக்கையில் இருப்பவர்கள்.

இந்த நேரத்தை எல்லாம் நோட்டில் எழுதியது யார் தெரியுமா? நம் மையத்தில் எழுத்துக் கற்ற ஓர் அக்கா. யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கைக்குழந்தை, அவர்களைத் தூக்கப் போகும் இளைஞர் யார் என்று பட்டியலும் அவரே எழுதினார். அது இப்போது மளிகைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுத்துப் பிழை இரண்டு உண்டு. யாரும் திருத்தவில்லை. எல்லோருக்கும் புரிகிறது.

அந்தத் தாத்தா இப்போது தினமும் காலையில் மேடு ஏறி இறங்குகிறார். போன ஜனவரியில் பதினொரு நிமிடம். டம்ளர் அவருக்குத்தான் கொடுத்தோம். முதலில் வந்த பையன் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

நீங்களும் தொடங்க நினைத்தால், முதல் நாளே ஓடாதீர்கள். இரண்டு வாரம் நடங்கள். பிறகு நூறு அடி ஓடி, நூறு அடி நடங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாமல் இரைத்தால் குறையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. அதனால் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓட வேண்டாம். காலில் பட்ட காயம் தெரியாது, ஆறவும் நாளாகும்.

மற்றொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். பூமி நிற்க முடியாதபடி ஆடினால், அல்லது வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்தால், அல்லது கடல் திடீரென்று பின்வாங்கினால், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். மேட்டுக்குப் போக வேண்டும். மீன் துள்ளுகிறதே என்று கடலுக்குள் போகக் கூடாது. நகையை எடுக்கத் திரும்பக் கூடாது. ஒரு அலை போனதும் இறங்கி வரக் கூடாது. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக வரலாம்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஜெட்டிப் பக்கம் வாருங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வாருங்கள். முதல் நாள் நடைதான், ஓட்டம் இல்லை. பாட்டி வர மாட்டேன் என்று சொன்னால், என் மாமியாரை அனுப்பி வைக்கிறேன். அவர் பேசிக்கொள்வார்.