சாமி படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்
(நம் குடியிருப்புப் பொங்கல் விழாவில் பேசியது)

ஊரில் பாட்டி வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் லட்சுமியோ முருகனோ இருக்கும். படத்தைக் கும்பிடுவோம், ஓரத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்க மாட்டோம்.

அப்படிப்பட்ட படங்களால் பேர்பெற்றவர் சி. கொண்டையராஜு. 1898-இல் சென்னையில் பிறந்தவர். அங்கேயே ஓவியம் படித்தார், திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். 1940-களில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தது. இவர் அங்கேயே தங்கிவிட்டார். அச்சடிக்கச் சிவகாசி பக்கத்திலேயே இருந்தது. 1976-இல் மறைந்தார், இன்றும் அவரைக் கோவில்பட்டி ஓவியர் என்றுதான் சொல்கிறார்கள்.

டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் எல்லாம் அவருடைய சீடர்கள். சில படங்களில் குருவின் பெயரோடு சீடர் பெயரும் இருக்கும். (பனியன் லேபிளில் டெய்லர் பெயரைப் போட்ட முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை!)

நம் பிளாக்கிலும் பாதிப்பேர் பிழைக்க வந்தவர்கள்தான். இருபது வருஷம் ஆனபிறகும் சிலரை “வெளியூர்க்காரர்” என்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பழைய படம் கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். அந்தக் கையெழுத்து இருந்தால் எடுத்து வாருங்கள், அசோசியேஷன் அறையில் ஃபிரேம் போட்டு மாட்டலாம்.