மட்டம் ஏறினால் தண்ணீர் கூடிவிட்டதா?
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்றதும் பலருக்கு லாப்லாஸ் டேபிள் ஞாபகம் வரும். எனக்கு நம்ம எண்ணூர் அனல் மின் நிலையத்து பாய்லர் டிரம்தான் வரும். 1970-ல் ஓட ஆரம்பித்து, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-ல் மூடப்பட்ட நிலையம் அது.

டிரம்மில் கீழே தண்ணீர், மேலே நீராவி. தண்ணீர் குறைந்தால் குழாய்கள் சூடேறிக் கிழியும். மிஞ்சினால் நீராவியோடு தண்ணீரும் டர்பைனுக்குப் போய் பிளேடைக் கெடுக்கும். மட்டத்தைப் பிடித்து வைப்பதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா?

திடீரென்று லோடு கூடுகிறது. நீராவி அதிகம் போகிறது. மட்டம் இறங்கணும் இல்லையா? முதலில் ஏறும்! அழுத்தம் குறைந்ததும் தண்ணீருக்குள் இருக்கிற ஆவிக் குமிழிகள் உப்பிவிடும். பால் பொங்கினால் பால் கூடிவிட்டது என்றா அர்த்தம்?

எழுதிப் பாருங்கள். விநாடிக்கு 1 மி.மீ. இறக்கம்: −1/எஸ். குமிழியால் 30 மி.மீ. ஏற்றம், டைம் கான்ஸ்டன்ட் 10 விநாடி: 30/(1 + 10 எஸ்). எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதான். இரண்டையும் கூட்டினால் தொகுதியில் நிற்பது 20 எஸ் − 1. அதாவது எஸ் = 0.05-ல், வலது பாதியில், ஒரு ஜீரோ. பகுதியில் போல் எங்கே என்று தேடுகிற மாணவர்கள் தொகுதியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. மட்டம் 11 விநாடியில் சுமார் 9 மி.மீ. ஏறி, 28 விநாடி வாக்கில் பழைய இடத்துக்கு வந்து, அப்புறம்தான் விழும். அதுவரை, மட்டத்தை மட்டும் பார்க்கிற கன்ட்ரோலர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே இருக்கும்!

தண்ணீர் விடுகிற பக்கமும் இதே கதைதான். சூடு குறைந்த நீர் உள்ளே போனதும் குமிழிகள் சுருங்கி, மட்டம் முதலில் இறங்கும். இங்கேயும் வலப்பக்க ஜீரோ. கெயினை ஏற்ற ஏற்ற குளோஸ்டு லூப் போல் அதை நோக்கி நகரும், ஆட்டம்தான் மிஞ்சும்.

அதனால்தான் த்ரீ எலிமென்ட் கன்ட்ரோல் வைக்கிறார்கள். போகிற நீராவியை அளந்து, அந்த அளவுக்குத் தண்ணீரை விடு; விட்டது சரிதானா என்று ஃப்ளோ மீட்டரில் பார்; மட்டத்தை வைத்து நிதானமாகத் திருத்து.

வடசென்னை அனல் மின் நிலையத்தில் 2024-ல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் சூப்பர் கிரிட்டிக்கல் யூனிட்டில் டிரம்மே கிடையாது. சுமார் 221 பாருக்கு மேல் நீர், ஆவி என்ற பேதமே இல்லையே! ஆனால் முதல் கட்டத்து 210 மெகாவாட் யூனிட்டுகளில் டிரம் உண்டு. இண்டஸ்ட்ரியல் விசிட் போகிற தம்பி தங்கைகள், "சார், லோடு ஏறும்போது டிரம் லெவல் டிரெண்டைக் காட்டுங்க" என்று கன்ட்ரோல் ரூமில் கேளுங்கள்.